மறுபடி எழுதிக்கொண்டு வா

"எந்த வகுப்பு? ஏழா? சரி, வாக்கியத்தை முழுசாப் படி. பாதி படிச்சா பாதி சந்தேகம்தான் தீரும்."

நின்றுகொண்டுதான் பேசுவாள். இடது கையில் ரிசீவர். வலது கை சும்மா இருக்காது, காற்றில் எழுதிக்கொண்டே இருக்கும். ஒற்று வரவேண்டிய இடம் வந்தால் ஆள்காட்டி விரலால் ஒரு புள்ளி குத்துவாள், கொசுவை நசுக்குகிற மாதிரி. ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாதே என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "தெரியாது பெரியம்மா. ஆனா குரல்ல கேக்கும்" என்பாள்.

மேசைக்கு அடியில் நாற்காலி ஒன்று இருக்கிறது. நல்ல நாற்காலி, கை வைத்தது. மூன்று வருடமாக அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதன்மேல் பழைய வினாத்தாள் கட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஏன்டி இப்படிக் காலைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், "உக்காந்தா பேச்சு நீளும் பெரியம்மா. நின்னாத்தான் சட்டுனு முடியும். அடுத்த பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்ல" என்று ஃபோன்மேல் இருக்கிற பச்சை விளக்கைக் காட்டுவாள். அது மினுக்கினால் வரிசையில் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பொது நூலகத்துக்குப் பின்னால், முன்பு பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்த அறை அது. மழை பெய்தால் இன்னமும் சுவரிலிருந்து காகித வாசனை எழும்பும். சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை பள்ளிப் பிள்ளைகள் எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிடலாம். இலக்கணம், கட்டுரை, கடிதம், பத்தியைப் படித்து விடை எழுதுவது, எதில் சந்தேகம் வந்தாலும் இவள் தீர்த்து வைப்பாள். ஒரே ஒரு விதி. கூப்பிடுகிறவர் பெயரும் ஊரும் கேட்கக் கூடாது, வகுப்பு மட்டும் கேட்கலாம். நூலகர் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: 'பெயர் கேட்க கூடாது.' வேலைக்கு வந்த முதல் நாளே பென்சிலால் நடுவில் ஒரு 'க்' சேர்த்துவிட்டுத்தான் ஃபோனைத் தொட்டாள். நூலகர் அதைப் பார்த்துவிட்டு, "சம்பளம் போடறதுக்கு முன்னாடியே எனக்கு மார்க் போட்டுட்டீங்களே" என்றார்.

பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒற்று டீச்சர்.' உண்மையில் அவள் டீச்சர் இல்லை. அச்சகத்தில் இருபத்துநாலு வருடம் புரூஃப் பார்த்தவள். பாடப் புத்தகம், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். அச்சகம் மூடிய பிறகும் கண் மூடவில்லை. மளிகைக் கடையில் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் பொருளைப் பார்க்க மாட்டாள், சுற்றிய காகிதத்தைப் பார்ப்பாள். அவள் குடியிருக்கிற கட்டடத்தில் 'லிப்டை பயன்படுத்த வேண்டாம்' என்று ஒட்டியிருந்தார்கள். மறுநாள் அதில் ஒரு 'ப்' முளைத்திருந்தது. காவலாளி என்னிடம் வந்து, "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. லிப்டு ரிப்பேர் ஆன கவலை எங்களுக்கு. எழுத்து ரிப்பேர் ஆன கவலை இவங்களுக்கு" என்றான்.

என் பெண் இல்லை, என் தங்கை பெண். என் தங்கை எனக்கு நேர் இளையவள். எங்கள் வீட்டில் பிறந்தது ஐந்து பேர், அதில் மிஞ்சி வளர்ந்தது நாங்கள் இரண்டு பேர். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் இவள், அடுத்தவன் தம்பி. இருவருக்கும் ஏழு வயது வித்தியாசம். நடுவில் ஒன்று பிறந்து தங்காமல் போயிற்று. அதனால் தம்பி பிறந்தபோது இவள் அவனைத் தரையிலேயே விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிப் பாடம் படித்தாள். அவன் பேசின முதல் சொல் அம்மா இல்லை, அக்காவும் இல்லை. 'புள்ளி.' இவள் ஸ்லேட்டில் எழுதும்போது சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுதான் முதலில் வந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று இடம் வந்தது, நானே இரண்டு கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். கேட்டதற்கு, "புரூஃப் பாக்காம அச்சுக்குப் போக எனக்கு மனசு வரல பெரியம்மா" என்றாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

தினமும் ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் வீடு அடுத்த தெருதான். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து ஏழு மணிவரை கேட்டுக்கொண்டிருப்பேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் இந்த மூன்று வருடத்தில் எனக்கே 'வந்து போனான்' என்றால் ஒற்று வராது, 'எடுத்துப் போனான்' என்றால் வரும் என்று தெரிந்துவிட்டது. ஏன் வரும், ஏன் வராது என்று கேட்காதீர்கள், அதற்கு அவள் எண்ணைத்தான் தரவேண்டும். அந்த ஃபோனுக்குக் குரல் பெரிது. அந்தப் பக்கம் பிள்ளை பேசுவது பெஞ்சுவரை வந்துவிடும். எனக்கு வேறு என்ன வேலை? வானொலி கேட்கிற மாதிரி கேட்பேன்.

அவளுக்கென்று சில கோபங்கள் உண்டு. கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் எடுத்தவுடனே 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கும். விடமாட்டாள்.

"யாரு நலம்?"

"நான்தான் டீச்சர்."

"நிஜமாவா? போன வாரம் காய்ச்சல்னு சொன்னியே?"

"ஆமா டீச்சர்."

"அப்ப அதை எழுது. காய்ச்சல் வந்துச்சு, கசப்பு மருந்து குடிச்சேன்னு எழுது. படிக்கிறவங்களுக்கு உன் முகம் தெரியணும். நலம்னா யாரு முகமும் தெரியாது."

பத்தியைப் படித்து விடை எழுதுவதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும். 'அவன் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை?' என்று கேள்வி இருக்கும். பிள்ளை அதே சொற்களைப் பத்தியில் தேடும், கிடைக்காது. "எழுதியிருக்கறது வேற, சொல்ல வந்தது வேற. கடைசி வரியை மறுபடி படி. சொல்ல வந்ததை ஜனங்க கடைசியிலதான் வெப்பாங்க" என்பாள். இதை அவள் சொல்லும்போது மட்டும் வலது கை எழுதாது. மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நூலக வாசல் பெட்டியில் கட்டுரைத் தாள்களைப் போட்டுவிட்டுப் போகும். திருத்துவது பென்சிலால்தான், அதுவும் மெலிதாக. பிள்ளை விரலால் தேய்த்தாலே போய்விடும். ஒரு முறை நூலகர் புதிதாக ஒரு டஜன் சிவப்புப் பேனா வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். அவள் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, நல்ல பேனாதானே?"

"சிவப்பு சத்தம் போடும் சார். நமக்கு வேணாம்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. கை வேலைக்காரன், எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டிவிடுவான். எழுத்து மட்டும் அவனிடம் சிக்காது. நாலாம் வகுப்பில் ஒரு நாள் வினாத்தாளைக் கொண்டுவந்து, "அக்கா, 'பத்தியைப் படித்து விடை தருக'ன்னு போட்டிருக்கு. பத்தியை ஏத்தத்தானே செய்வாங்க, அதை எப்படிப் படிக்கறது?" என்று கேட்டான். அலமாரியில் இருந்த ஊதுபத்தியை நினைத்துக் கேட்டிருக்கிறான் மடையன். என் தங்கை சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே ஒரு பத்தியை ஏற்றி அவன் முன்னால் வைத்தாள். "இது அணையறவரைக்கும் இந்தப் பாராவைத் திருப்பித் திருப்பிப் படி. அணைஞ்ச அப்புறம்தான் கேள்விக்குப் போகணும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன் அவசரப்பட்டாலும், செருப்பை மாட்டிக்கொண்டு அவசரப்பட்டாலும், "பத்தி இன்னும் அணையல" என்பார்கள். அந்த நாலு பேரையும் என்னையும் தவிர உலகத்தில் யாருக்கும் அது புரியாது.

அவன் வீட்டுப் பாடம் எழுதினால் இவள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். அப்பா வாங்கிக் கொடுத்த பேனா. ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து பிழை இருக்கும். அடியில், 'மறுபடி எழுதிக்கொண்டு வா' என்று போடுவாள். அவன் ஓடிவந்து அவள் மடியில் விழுந்து, "வந்துட்டேன், எழுதத்தான் இல்ல" என்பான். இருவரும் உருண்டு சிரிப்பார்கள். இது அவர்கள் விளையாட்டு.

பெரியவனானபின் பரீட்சையில் மூன்று முறை தவறினான். அப்பாவுக்கு நாக்கு நீளம், சாப்பிட உட்கார்ந்தவனிடம் ஏதோ சொல்லிவிட்டார். அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனவன்தான். வெளியூரில் மோட்டார் பழுது பார்க்கிற இடத்தில் இருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். அவனுக்குச் சேதி போய்ச் சேரவே பத்து நாள் ஆகிவிட்டது. அப்போதுதான் அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டான். ஒன்றரைப் பக்கம்.

அவள் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். எனக்கு அதில் ஒரு வரி மட்டும் மனப்பாடம். 'அக்கா, உன்னை பார்க்க வேண்டும் போல இருக்கிறது.' 'உன்னைப்' என்று இருக்க வேண்டுமாம். அவன் எழுதவில்லை.

அன்று அச்சகத்திலிருந்து வந்தவள் அலுப்போடு உட்கார்ந்து அதை இன்னொரு முறை படித்தாள். கையில் பேனா இருந்தது. பழகின கை. அழுதுகொண்டே பதின்மூன்று பிழை திருத்தினாள். கடைசியில் அவளுக்கு அந்தப் பழைய விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அடியில், 'மறுபடி எழுதிக்கொண்டு வா' என்று எழுதி, அதே கடிதத்தை உறையில் போட்டு அவனுக்கே அனுப்பிவிட்டாள். வேறு ஒரு வரிகூட எழுதவில்லை. வாடா என்றுதான் கூப்பிட்டாளாம். அது அவனுக்குத் தெரியாமல் போகுமா என்று நினைத்தாளாம்.

தெரியாமல்தான் போயிற்று. என் நாத்தனார் மகன் அவனை ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கிறான். "அப்பா செத்ததுக்கு நான் அழுது எழுதினேன். அக்கா அதுக்கு மார்க் போட்டு அனுப்பிட்டா. எனக்கு எழுதத் தெரியலையாம், கத்துக்கிட்டு வரணுமாம்" என்றானாம். இவள் பதறிப்போய் ஐந்து கடிதம் போட்டாள். ஐந்தும், 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று திரும்பி வந்தன. என் தங்கை கண் மூடும்போதும் அவனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. ஆக, பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

அந்தச் சிவப்புப் பேனாவை அவள் தூக்கிப் போடவில்லை. மை காய்ந்து போய்ப் பணப்பையின் உள்ளறையில் இருக்கிறது. சில்லறை தேடும்போது கையில் வரும். மறுபடி உள்ளே தள்ளுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் பிள்ளை கூப்பிட்டது. ஐந்தாம் வகுப்பு. மூக்கடைத்த குரல். நான் அதற்கு வைத்த பெயர் 'மூக்கடைப்பு.'

"டீச்சர், 'கதவின் கை பிடி உடைந்தது'ன்னு எழுதினேன். எங்க மிஸ் தப்புன்னு சொல்லிட்டாங்க."

"உங்க வீட்டுக் கதவுக்குக் கை இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் எப்படி உடையும்? 'கைப்பிடி'ன்னு நடுவுல ப் போட்டா அது கதவுல இருக்கற சாமான். ப் போடாம 'கை பிடி'ன்னா, என் கையைப் பிடின்னு ஒருத்தர்கிட்ட சொல்றது. ஒற்று வந்தா பொருள், ஒற்று போனா மனுஷங்க. புரியுதா?"

அந்தப் பக்கத்தில் பிள்ளை சிரித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு. ஆண் சிரிப்பு. சிரித்தது பாதியில் இருமலாக மாறி நின்றுவிட்டது.

"யாரு அங்க?" என்றாள்.

"எங்கப்பா டீச்சர். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பாவும் கேக்கறாரு."

"கேக்கட்டும்" என்று சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எத்தனையோ வீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்து கேட்பதுண்டு.

அதற்குப் பிறகு மூக்கடைப்பு வாரம் ஒருமுறை தவறாமல் கூப்பிட்டது, வியாழக்கிழமை ஆறு மணிக்கு. ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர். ஒவ்வொரு தடவையும் பின்னால் அந்த இருமல். நாலாவதோ ஐந்தாவதோ வாரம். ஒரு பத்தியில் கேள்வி கேட்டது. பிள்ளை அவசரமாக விடை சொல்லப் போக, இவள், "நிதானமா. முதல்ல முழுசாப் படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன் டீச்சர். எங்கப்பா எப்பவும் சொல்லுவாரு, பத்தி அணையறதுக்கு முன்னாடி கேள்விக்குப் போகக் கூடாதுன்னு."

காற்றில் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். டீ என் புடவையில் கொட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அந்தப் பத்தியை எடுத்து, வரி வரியாக, பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். குரல் மட்டும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவள் பேசுகிற மாதிரி.

ஃபோனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அவன்தான்டி! பேர் கேளு. அப்பா பேர் என்னம்மான்னு ஒரு வார்த்தை கேளு, தீந்துபோச்சு."

"பேர் கேட்கக் கூடாது பெரியம்மா."

"ஆமா, பெரிய சட்டம்! நீயே ஒற்றுப் போட்ட சட்டம்."

"அதுக்கில்ல." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "நான் கேட்டா ஓடிப்போயிடுவான். ஒருதடவை நான் முந்திக்கிட்டு எழுதினதே போதும். அவன் இப்பக் கேக்கறான்ல? கேக்கட்டும். எத்தனை நாள் வேணும்னாலும் கேக்கட்டும்."

அவன் காதால் கேட்கட்டும் என்றாளா, வாயைத் திறந்து கேட்கட்டும் என்றாளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து வியாழக்கிழமை என்றால் தலை வாரிக்கொண்டு வர ஆரம்பித்தாள். ஃபோனுக்குத் தலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாடம் சொல்லும்போது பழைய வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக உதாரண வாக்கியங்களில் வர ஆரம்பித்தன. 'அலமாரிச் சாவி தொலைந்தது.' 'அம்மா பாலைக் கொதிக்க வைத்தாள்.' 'தம்பி கடிகாரத்தைக் கழற்றினான்.' பிள்ளை அதையெல்லாம் எழுதிக்கொண்டது. ஒருநாள், 'அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது' என்று ஒரு வாக்கியம் கொடுத்து, எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்டாள். பிள்ளை சரியாகச் சொன்னது. பின்னால் கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. அன்று இருமல் வரவில்லை. அடுத்த வாரம் ஃபோனும் வரவில்லை.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாட்டை நான் என்னவென்று சொல்ல? பச்சை விளக்கு மினுக்கினால் பாய்ந்து எடுப்பாள். வேறு பிள்ளையாக இருக்கும். "சொல்லும்மா" என்று ஆரம்பிப்பாள், யாரையும் விரட்டவில்லை. ஆனால் ஒரு பையனுக்கு 'வந்துப் போனான்' சரி என்று சொல்லிவிட்டாள். அவளா! அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. எண் கிடையாது, பெயர் கிடையாது, எப்படிக் கூப்பிட்டுத் திருத்துவாள்? "அந்தப் பிள்ளை பரீட்சையில தப்பா எழுதப் போகுதே பெரியம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதும் உட்காரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நூலகர் வந்து சொன்னார், "நாளையோட பரீட்சை முடியுது. இன்னிக்குத்தான் கடைசி. இனி ரெண்டு மாசம் ஃபோனுக்கும் உங்க காலுக்கும் லீவு."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு மாதம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேறு வகுப்பு, ஒருவேளை வேறு பள்ளி. கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இவளிடம் அவர்களுடைய எண் கிடையாது. வருகிற ஃபோன் வரத்தான் செய்யும். இங்கிருந்து அங்கே போக வழியில்லை.

ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. கடைசி நாள் என்பதால் பிள்ளைகள் மொய்த்துவிட்டன. கட்டுரைக்கு முடிவுரை, உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம், கேள்விக்குறிக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைக்கலாமா. நின்ற இடத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போயிற்று. ஆறு அடித்தது. அடித்து ஐந்து நிமிடம் இருக்கும்.

"டீச்சர்..."

மூக்கடைப்பு.

"சொல்லும்மா." ஒரு நொடி எடுத்துக்கொண்டுதான் சொன்னாள். "போன வாரம் வரலையே?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல டீச்சர். படுத்தே இருந்தாரு. இப்ப எழுந்துட்டாரு. ஒரே ஒரு சந்தேகம்தான்."

"கேளு."

"'உன்னை பார்க்க வேண்டும் போல இருக்கிறது.' இதுல உன்னைக்கும் பார்க்கவுக்கும் நடுவுல ப் வருமா, வராதா?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இது... பாடத்துல இருக்கா?"

"இல்ல டீச்சர். அப்பா ஒரு தாளுல எழுதிக் குடுத்து, கேக்கச் சொன்னாரு."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். இதே கேள்விக்கு இந்த மூன்று வருடத்தில் ஆயிரம் தடவையாவது விடை சொல்லியிருப்பாள். ஐ வந்தால் அடுத்து வல்லினம் மிகும், அவ்வளவுதான், ஒரு மூச்சு. இப்போது அந்த ஒரு மூச்சு வரவில்லை. வராது என்று சொன்னால் பிள்ளைக்குப் பொய் சொன்னதாகும். வரும் என்றால், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் போட்ட சிவப்பு மறுபடி.

"பரீட்சையில எழுதினா வரும்மா. கண்டிப்பா போடணும்" என்றாள். "ஆனா வீட்டுக்கு எழுதற கடிதாசியில அது வரலேன்னா ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது. எழுதினவங்க வந்தாப் போதும். அதைப் போய்த் திருத்தினாங்கன்னா, திருத்தினவங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

அந்தப் பக்கம் பென்சில் உரசியது. பிள்ளை எழுதிக்கொள்கிறதோ என்னவோ.

"இன்னொரு வாக்கியம் சொல்றேன், எழுதிக்கோ. 'மறுபடி எழுதிக்கொண்டு வா.' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இதுல முக்கியமான சொல் எது? ஒரே ஒரு சொல். மீதியெல்லாம் சும்மா விளையாட்டுக்கு."

"மறுபடியா?"

"இல்ல."

"எழுதிக்கொண்டு?"

"இல்லடா கண்ணு. அவசரப்படாத. பத்தி இன்னும் அணையல."

மூன்று வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவள் அந்தப் பேச்சைச் சொன்னதில்லை. ஃபோனில் மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று சின்ன மூச்சு. இன்னொன்று பெரிது, கரகரத்தது. அந்தக் கரகரப்பு கிட்டே வந்தது.

"வா" என்றது ஓர் ஆண் குரல்.

"ஐயோ அப்பா, நான் சொல்றதுக்குள்ள சொல்லிட்டீங்களே!" என்றது பிள்ளை. "டீச்சர், 'வா'வாம். சரியா?"

"சரி" என்றாள். "சரியான விடை." பிறகு எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டாள், "வேற சந்தேகம் இருக்கா?"

 அந்தப் பக்கம் ஸ்பீக்கரை அணைக்கிற 'டிக்' என்ற சத்தம் கேட்டது. ஃபோன் கை மாறும் உரசல். பிறகு இருமல், காதுக்கு மிக அருகில். அவன் ஃபோனை வைக்கவில்லை.

பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த பிள்ளை காத்திருந்தது. அவள் ரிசீவரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். காலால் நாற்காலியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தாள். அதன்மேல் இருந்த வினாத்தாள் கட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள்.